நான் வேண்டாம் என்று சொன்ன ஜீப்

இப்போதும் ஆட்கள் வருகிறார்கள். பெரும்பாலும் எனக்குத் தெரிந்தவர்களின் பிள்ளைகள். கையில் செல்போன், அதில் ஒரு பெரிய காரின் படம். "குறைஞ்ச விலைக்கு வருது மாமா, ஒரு எட்டு வந்து பாத்துச் சொல்லுங்க" என்பார்கள். நான் கண் சரியில்லை என்பேன். முழங்கால் வலி என்பேன். போன மாதம், பஸ் கம்பெனியில் எனக்குப் பின்னால் ஃபோர்மேனாக வந்த முருகேசன் வீட்டுக்கு வந்திருந்தார். ஒரு சிறிய கருவியை வண்டியில் செருகினால் எஞ்சினுக்குள் இருக்கிற கோளாறையெல்லாம் அதுவே எழுதிக் காட்டிவிடுகிறதாம். "அந்தக் காலத்துல இது ஒண்ணும் இல்லாம எப்படி அண்ணாச்சி பழைய வண்டி பாத்தீங்க? எழுதி வச்சா எங்களுக்கு உதவும்லா" என்றார். உதவுமா என்று எனக்குத் தெரியாது. கேட்டாரே என்பதற்காக எழுதுகிறேன்.

என் அப்பா சர்ச் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். என்னையும் வாத்தியார் ஆக்க நினைத்தார். எனக்கோ பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்கத்தான் பிடித்தது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டில் இருந்த ஆறுமுகம் அண்ணாச்சியின் பட்டறையில் சேர்ந்தேன். முதல் சில வருடங்கள் கழுவினேன், துடைத்தேன், திட்டு வாங்கினேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை. என்னோடு சேர்ந்தவன் பால்ராஜ். எங்கள் சபைக்காரன்தான். வேலை எனக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவு அவனுக்கும் தெரியும். ஆனால் அவனுக்கு ரிப்பேர் பார்ப்பதைவிட ஓட்டுவதில்தான் ஆசை. லைசென்ஸ் எடுத்ததும் பஞ்சு ஆலை முதலாளி ஒருவரிடம் லாரி டிரைவராகப் போய்விட்டான். அந்த முதலாளி நல்லவர் என்று ஊரில் பேச்சு. பால்ராஜும் அப்படித்தான் சொன்னான். அவன் கல்யாணத்தில் நான்தான் மாப்பிள்ளைத் தோழன். பெண் பெயர் கிருபை.

எழுபதுகளின் நடுவில் எங்கள் பக்கம் பழைய ஜீப்புக்கு அப்படி ஒரு கிராக்கி. திருவேங்கடத்தைச் சுற்றிக் கரிசல் காடு. ஒரு மழை பெய்தால் பஸ் ஊருக்குள் போகாது, மாட்டுவண்டியின் சக்கரமே மண்ணைச் சுருட்டிக்கொண்டு நின்றுவிடும். நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப் மட்டும்தான் போகும். புதிது வாங்க யாருக்கும் வசதி கிடையாது. அரசாங்க அலுவலகங்கள் கழித்துப்போட்ட ஜீப்புகளும், மலைப்பக்கத்து எஸ்டேட்டுகளில் உழைத்துச் சலித்த ஜீப்புகளும் தரகர்கள் கைக்கு வரும். பெயிண்ட் அடித்து, சீட் தைத்து, விற்பனைக்கு நிறுத்துவார்கள். வாங்குகிறவர்கள் ஆறுமுகம் அண்ணாச்சியைத் தேடி வருவார்கள்.

அண்ணாச்சி ஒல்லியான மனுஷன். பட்டறைக்காரர் என்று பார்த்தால் தெரியாது. வெள்ளைப் பனியனில் ஒரு கறை இருக்காது. வண்டி பார்க்கப் போனால் அங்கே ஒரு வார்த்தை பேசமாட்டார். பார்த்து முடித்ததும் மண்ணெண்ணெய் கேட்டு வாங்கிக் கையைக் கழுவுவார், அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவுவார், துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைப்பார். தரகர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். முகத்தில் ஒன்றும் தெரியாது. "வண்டி நிக்கட்டும், நாங்க வாரோம்" என்று சொல்லிவிட்டு, வாங்க வந்தவரைக் கூட்டிக்கொண்டு டீக்கடைக்கு நடப்பார். டீ குடித்து முடித்த பிறகுதான் வாயைத் திறப்பார். 'எடுக்கலாம்' அல்லது 'வேண்டாம்'. அவ்வளவுதான். காரணம் கேட்டால் சொல்லமாட்டார். ஒருநாள் நான் ஏன் என்று கேட்டேன்.

"காரணத்தச் சொன்னா அது தரகன் காதுக்குப் போவும். அவன் அந்த ஒண்ண மட்டும் மூடி மறைச்சிட்டு அடுத்தாளுக்குக் காட்டுவான். நாம வேண்டாம்னு சொன்னா வண்டி செத்தா போவுது சகாயம்? அது எங்கனயாவது ஓடத்தான் செய்யும்."

அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை. வேண்டாம் என்று சொல்வது ஒரு ஆளைக் காப்பாற்றுவது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் சொல்லவந்த ஜீப்பை முதலில் பார்த்தது புளியங்குடி எலுமிச்சை வியாபாரி ஒருவருக்காக. அண்ணாச்சிக்கு அப்போது முதுகுவலி, கீழே படுக்க முடியாது. என்னை அனுப்பினார். தரகர் சண்முகம் வீட்டு வாசலில் வண்டி நின்றது. சாம்பல் நிறம். எஸ்டேட் வண்டி.

எப்படிப் பார்த்தோம் என்று முருகேசன் கேட்டதால் அன்று நான் பார்த்ததை அப்படியே சொல்கிறேன். நாங்கள் வருகிற நேரத்தைத் தரகரிடம் சொல்லமாட்டோம். காலையில் போய் முதலில் பானெட் மேல் உள்ளங்கையை வைப்போம். சூடாக இருந்தால், ஸ்டார்ட் ஆக மறுக்கிற வண்டியை முன்கூட்டியே சூடுபண்ணி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அன்று குளிர்ந்துதான் இருந்தது. ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம் இல்லை. ஆயில் பார்க்கும் கம்பியை உருவி விரலில் தேய்த்தேன். பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் உள்ளே இறங்குகிறது, நறநறவென்றிருந்தால் உள்ளே இரும்பு தேய்கிறது. இரண்டும் இல்லை. ஸ்டார்ட் செய்து, ஆயில் ஊற்றும் வாய் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். குபுகுபுவென்று புகை வந்தால் பிஸ்டனும் சிலிண்டரும் தேய்ந்துபோன எஞ்சின். இதில் மெல்லிய ஆவிதான் வந்தது. பின்சக்கரங்களுக்கு நடுவில் இருக்கும் கிரவுன் பெட்டியின் அடைப்பைத் திறந்து சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன். சத்தம் போடும் பல்சக்கரத்தை அடக்க எண்ணெயில் மரத்தூளைக் கலந்துவிடுகிறவர்கள் உண்டு. விரலில் தூள் ஒட்டவில்லை. முன்சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். ஆட்டம் கொஞ்சம்தான். ஓட்டிப் பார்த்தேன். நாலு சக்கரமும் இழுத்தது. வியாபாரியின் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கும் சந்தோஷம்தான்.

கடைசியில் சாக்கை விரித்து அடியில் படுத்தேன். வண்டியின் எல்லாப் பாரத்தையும் தாங்குவது சேஸிஸ் என்கிற இரண்டு நீள இரும்புச் சட்டங்கள். சிறு சுத்தியலால் முன்னாலிருந்து தட்டிக்கொண்டே வந்தேன். கோவில் மணி மாதிரி இல்லாவிட்டாலும் ஒரே சத்தமாக வரவேண்டும். வலது பக்கம், முன் ஸ்பிரிங் பட்டை பின்னால் மாட்டியிருக்கும் இடத்தில் சத்தம் மாறியது. ஓட்டை விழுந்த குடத்தைத் தட்டுகிற மாதிரி. ஸ்குரூ டிரைவரால் பெயிண்டைச் சுரண்டினேன். உள்ளே வெல்டிங் தடம். சட்டம் விரிசல் விட்டு, அதன்மேல் ஒரு தகட்டை வைத்து ஒட்டவைத்திருந்தார்கள். எஞ்சின் கெட்டால் வண்டி நிற்கும். இது விட்டால் வண்டி நிற்காது. முன் ஆக்சில் ஒருபக்கம் நழுவி, வண்டி திரும்பிக் குப்புற விழும்.

கையைக் கழுவிவிட்டு வியாபாரியை டீக்கடைக்குக் கூட்டிப்போய் வேண்டாம் என்றேன். அவருக்கு மனசு வரவில்லை. இருந்தாலும் கேட்டுக்கொண்டார்.

அடுத்த வருடம் திருவேங்கடத்துப் பருத்தி வியாபாரி ஒருவர் அழைத்தார். பச்சை நிற ஜீப். நம்பர் பிளேட்டைப் பார்த்ததுமே அதே வண்டி என்று தெரிந்துவிட்டது. அடியில் படுத்தால், சட்டம் முழுக்கத் தார் பூசியிருந்தார்கள். நான் ஒருவரிடமும் காரணம் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் எதை மூட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அங்கேயும் வேண்டாம் என்றேன். இந்தத் தடவை திரும்பி வந்து சண்முகத்திடமே பேசினேன்.

"இத இரும்புக்குப் போட்டுருங்க. ஆள் ஏத்த லாயக்கு இல்ல."

அவர் கோபப்படவில்லை. சாதாரண மனுஷன், ஓட்டுக்கூரை வீடு, உள்ளே பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தன.

"இரும்பு விலைக்குப் போட்டா நான் எங்க போய் நிக்க? இதுலதான் என் கைமுதல் பூராவும் கிடக்கு. நீரு வேணும்னா வாங்கி உடையும் வே" என்றார்.

நான் போலீஸ் ஸ்டேஷனில் போய்ச் சொல்லிப் பார்த்தேன். யாருக்கு என்ன நடந்தது என்று கேட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை என்றேன். அப்புறம் எதற்கு வந்தாய் என்று அனுப்பிவிட்டார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது.

அந்தச் சமயத்தில்தான் பால்ராஜுக்கு வேலை போனது. பஞ்சு ஆலையை மூடி, லாரிகளை விற்றார்கள். அவன் பல மாதம் அலைந்தான். சொந்தமாக ஒரு ஜீப் இருந்தால் திருவேங்கடத்திலிருந்து உள்ளூர்களுக்கு ஆள் ஏற்றிப் பிழைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டான். ஒருநாள் பட்டறைக்கு வந்து, சண்முகத்திடம் ஒரு ஜீப் பேசி முடித்துவிட்டதாகச் சொன்னான். என் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

"பச்சை வண்டியா?"

"ஆமா."

"ஏலே, அதுல வலது சட்டம் விட்டுப்போயிருக்கு. நான் ரெண்டு தடவ வேண்டாம்னு சொன்ன வண்டி. தெரியாம போய் மாட்டிக்கிடாத."

"தெரியும்டே. நானும்தான அடியில படுத்துப் பாத்தேன். தாரச் சுரண்டிப் பாத்தேன்."

"தெரிஞ்சுமா?"

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"நல்ல வண்டியா இருந்தா அது எனக்கு என்னத்துக்கு இந்த விலைக்கு வருது? நீ ரெண்டு தடவ வேண்டாம்னு சொன்னதுனாலதான் சண்முகம் விலையக் கொறச்சாரு. உடைஞ்சது மட்டுந்தான் என் கைக்கு எட்டுது மக்கா."

நான் அத்தனை நாளும் செய்தது ஒரு கெட்ட வண்டியை ஏழையின் கைக்கு எட்டுகிற அளவுக்கு இறக்கிக் கொடுத்ததுதான்.

ஆறுமுகம் அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "வாங்கிட்டாம்லா. இனி நாம செய்ய வேண்டியதச் செய்வோம்" என்றார். முதுகுவலியோடு தானே முன்னால் நின்றார். வண்டியின் உடம்பைச் சட்டத்திலிருந்து தனியாகத் தூக்கி வைத்தோம். பழைய தகட்டை வெட்டி எறிந்தோம். விரிசல் மேலும் ஓடாமலிருக்க அதன் இரண்டு நுனியிலும் துளை போட்டோம். உள்ளே ஒன்று வெளியே ஒன்றாகக் கனத்த பிளேட் வைத்து, சுடவைத்த ரிவிட் அடித்தோம். இடது சட்டத்தை அண்ணாச்சி அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்த்தார். நானும் தட்டினேன். பால்ராஜும் தட்டினான். சத்தம் ஒரே சீராக இருந்தது. மூலைக்கு மூலை கயிறு பிடித்துப் பார்த்தோம், சட்டம் கோணவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே அண்ணாச்சி பால்ராஜிடம் பேசினார். வண்டிக்குப் பக்கத்தில் நின்று அவர் பேசி நான் கேட்டது அன்று மட்டும்தான்.

"ஆறு பேருக்கு மேல ஏத்தாத. கரிசல்ல ஆழமா தடம் விழுந்த பாதையில இறக்காத. கேட்டியா?"

"சரி அண்ணாச்சி."

வண்டிக்கு நீல நிறம் அடித்தான். கிருபை முன்கண்ணாடிக்கு மேல் ஒரு சிறு சிலுவையைச் செருகினாள். வண்டி நன்றாகத்தான் ஓடியது. வாரத்துக்கொரு தடவை பட்டறைக்குக் கொண்டுவருவான், நாங்கள் தட்டிப் பார்ப்போம். ஆறு பேருக்கு மேல் ஏற்றமாட்டான் என்று ஊரில் கேலிகூட உண்டு. ஏறினவர்களை இறக்கிவிட்டுச் சண்டை வாங்கியிருக்கிறான். ஒன்றரை வருடத்துக்கு மேல் அப்படி ஓடியது. கிருபையின் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. மூத்தவளைப் பாளையங்கோட்டையில் போர்டிங்கில் சேர்க்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஐப்பசி மழையில் அது நடந்தது. ஒரு கரிசல் கிராமத்தில் கிணறு வெட்டுகிற இடத்தில் வெடி தப்பி, வேலை செய்தவர்கள் மேல் கல் விழுந்துவிட்டது. பஸ் ஓடவில்லை. ஆள் ஓடிவந்து பால்ராஜைக் கூப்பிட்டான். போய்ப் பார்த்தால் அடிபட்டவர்களைத் தூக்கி வைத்துக்கொண்டு பெண்டு பிள்ளைகளோடு ஊரே நிற்கிறது. எத்தனை பேரை இறக்கிவிட முடியும்? அடிபட்டவனின் தலையைத் தாங்கிக்கொண்டு ஏறுகிற பெண்டாட்டியை எப்படி இறங்கச் சொல்வது? ஆறு பேர் என்று அவன் சத்தம் போட்டானாம். அதைக் கேட்டதாகப் பிற்பாடு சிலர் சொன்னார்கள். அழுகைச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. வண்டி நிறைய ஏறிவிட்டார்கள். வேறு பாதையும் இல்லை. தடம் விழுந்த கரிசல் வழியாகத்தான் வந்தான்.

ஓடைப் பாலத்துக்குச் சற்று முன்னால் முன் ஆக்சில் நழுவியது. வண்டி ஓடைக்குள் குப்புற விழுந்தது. அடிபட்டவர்களில் ஒருவனும், அவன் தலையைத் தாங்கியிருந்த பெண்டாட்டியும் அங்கேயே இறந்தார்கள். பால்ராஜின் வலது கால் ஸ்டியரிங்குக்கும் கதவுக்கும் நடுவில் நசுங்கியது.

மறுநாள் நான் போய்ப் பார்த்தேன். வண்டி சேற்றில் மல்லாந்து கிடந்தது. அடியில் படுக்க வேண்டிய அவசியமே இல்லை, அடி மேலே இருந்தது. நாங்கள் ரிவிட் அடித்த வலது சட்டம் அப்படியே இருந்தது. ஒரு ரிவிட்கூட அசையவில்லை. விட்டிருந்தது இடது சட்டம். பாதி விரிசல் பழையது, உள்ளே துருவேறியிருந்தது. மடிப்புக்கு உட்புறம், கையும் கண்ணும் சுத்தியலும் எட்டாத இடத்தில் வெகுகாலமாக அது வளர்ந்துகொண்டிருந்திருக்கிறது. மூன்று பேர் தட்டினோம். மூன்று பேருக்கும் கேட்கவில்லை. அத்தனை வருடம் நான் படித்த படிப்பு அவ்வளவுதான் என்று தோன்றியது.

பால்ராஜ் மேல் கேஸ் போட்டார்கள். என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். கைத்தடியை ஊன்றிக்கொண்டு அவன் கூண்டில் நின்றான். கிருபை பின்பக்கம் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தாள். சர்க்கார் வக்கீல் அமைதியாகத்தான் கேட்டார். குற்றம் சாட்டப்பட்டவனைக் கோர்ட்டில் 'எதிரி' என்பார்கள்.

"இந்த வண்டியை எதிரி வாங்குவதற்கு முன்பே நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?"

"பார்த்திருக்கிறேன்."

"வாங்க வேண்டாம் என்று எதிரியிடம் சொன்னீர்களா?"

நான் பால்ராஜைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பைபிள் மேல் கை வைத்துச் சத்தியம் செய்துவிட்டு நிற்கிறேன்.

"சொன்னேன்."

"என்ன காரணம் என்று சொன்னீர்களா?"

"சொன்னேன். ஆனால் நாங்கள் அதைச் சரிபண்ணிவிட்டோம். விட்டது வேறு பக்கம்..."

"கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். ஆள் ஏற்றுவதற்கு ஏற்ற வண்டி அல்ல என்பது எதிரிக்குத் தெரியும். அப்படித்தானே?"

"தெரியும்."

பால்ராஜின் வக்கீல் மறுபடி என்னை விசாரித்தபோது, இடது சட்டத்து விரிசல் யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காது என்று விளக்கமாகச் சொன்னேன். மாஜிஸ்திரேட் பொறுமையாகக் கேட்டு அதையும் எழுதிக்கொண்டார். தீர்ப்பில் இரண்டும் இருந்தன. தெரிந்தே வாங்கினான், தெரிந்தே அளவுக்கு மேல் ஏற்றினான் என்பதுதான் நின்றது. ஜெயில் கிடைத்தது. ஆறுமுகம் அண்ணாச்சி ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். தீர்ப்புச் சொன்ன அன்று எனக்காகக் காத்திராமல் எழுந்து போனார். அதற்குப் பிறகு அவர் எவருக்கும் வண்டி பார்க்கப் போகவில்லை. கொஞ்ச காலத்தில் பட்டறையையும் மூடிவிட்டார். நான் பஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன்.

கிருபை பீடி சுற்றிப் பிள்ளைகளை வளர்த்தாள். போர்டிங் பேச்சு நின்றுபோனது. நான் ஏதாவது வாங்கிக்கொண்டு போனால் வாங்கி வைத்துக்கொள்வாள். ஒருநாள் மட்டும், "கோர்ட்டுல நீங்க வேற என்ன அண்ணாச்சி சொல்லியிருக்க முடியும்? எனக்குத் தெரியும். ஆனா உங்களப் பாத்தா அந்த நெனப்புதான் வருது. நீங்க அடிக்கடி வரண்டாம்" என்றாள். நான் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

பால்ராஜ் வெளியே வந்தபோது லைசென்ஸ் இல்லை, காலும் இல்லாத மாதிரிதான். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பங்க்சர் ஒட்டும் கடை போட்டான். என்மேல் கோபமில்லை என்று அவனே வந்து சொன்னான். சாயங்காலம் வேலை முடிந்ததும் நான் அவன் கடையில் கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டுப் போவேன்.

ஜீப் போலீஸ் ஸ்டேஷன் வளாகத்தில் கொடி படர்ந்து கிடந்தது. கேஸ் முடிந்த பிறகு ஏலத்தில் போனதாகக் கேள்விப்பட்டேன். இரும்புக்காரர்கள் எடுத்திருப்பார்கள் என்று நினைத்தேன். ஒருநாள் பால்ராஜின் கடைமுன் ஒரு சிவப்பு ஜீப் காற்றுப் பிடிக்க வந்து நின்றது. நம்பரைப் பார்த்தேன். பால்ராஜும் பார்த்தான். அவன் நொண்டிக்கொண்டே போய் நாலு டயருக்கும் காற்றுப் பிடித்தான்.

ஓட்டிவந்தவன் இசக்கி என்கிற இளவட்டம். நல்ல பையன். வண்டியை அவனே வாங்கி ஓட்டினான். நான் அவனைத் தனியே அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். இந்த முறை காரணத்தை மறைக்கவில்லை. ஏலத்துக்குப் பிறகு யாரோ ஒட்டவைத்திருந்த இடது சட்டத்தையும், ஒவ்வொரு விரிசலையும் விரலால் தொட்டுக் காட்டினேன்.

"தெரியும் அண்ணாச்சி. தெரியாமயா இந்த விலைக்குத் தருவாவ?" என்றான். பால்ராஜின் வாயிலிருந்து நான் கேட்ட அதே சொல்தான்.

அதற்கப்புறம் நடந்ததுதான் என்னை ஒரேயடியாக உடைத்துப்போட்டது. அந்த வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்னால் ஏணியில் ஆள் தொங்க, மேலே எலுமிச்சை மூட்டையோடு, புளியங்குடி ரோட்டிலும் சிவகிரி ரோட்டிலும் வருடக்கணக்கில் ஓடியது. இசக்கி அதில் சம்பாதித்துத் தங்கையைக் கட்டிக்கொடுத்தான். ஆறு பேருக்கு மேல் ஏற்றாமல் பொத்திப் பொத்தி ஓட்டியவனைக் கவிழ்த்த வண்டி, இவனை ஒன்றும் செய்யவில்லை. இதற்கு எந்தக் கருவியைச் செருகிப் பார்த்தால் பதில் கிடைக்கும்?

ஒரு கார்த்திகையில் அடைமழை. கிருபைக்குப் பல வருடமாக நெஞ்சுச் சளி, பீடித்தூள் உள்ளே போய்ப்போய் வந்தது. அன்று மூச்சு முட்டிவிட்டது. பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோகச் சொன்னார்கள். ஓடை பெருகி பஸ்ஸெல்லாம் நின்றுவிட்டது. டாக்சிக்காரர்கள் வரமாட்டோம் என்றார்கள். தண்ணீரைத் தாண்டிப் போகிற வண்டி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இசக்கி கேட்டதுமே வந்துவிட்டான்.

நான் பால்ராஜைப் பார்த்தேன். அவன் இசக்கியின் உதவியோடு கிருபையைத் தூக்கி உள்ளே கிடத்திவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றான். பிறகு ஏறினான்.

"நீ வாரியாடே?" என்றான்.

ஏறினேன். என் காலுக்கு நேர் கீழே இடது சட்டம். வழிநெடுக ஒவ்வொரு பள்ளத்திலும் என் உடம்பு காதாகிக் கிடந்தது. தண்ணீர் பாய்கிற இடங்களில் நாலு சக்கரமும் இழுத்து மேலேறின. பகல் வெளிச்சம் இருக்கும்போதே ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான் இசக்கி. வண்டி மேல் ஒரு குறையும் சொல்வதற்கில்லை.

மறுநாள் முற்பகலில் கிருபை இறந்துபோனாள்.

திரும்பியும் அதே வண்டியில்தான் கொண்டுவந்தோம். வீட்டுக்குள் எடுத்துப் போனபிறகு இசக்கி வாசலில் தயங்கித் தயங்கி நின்றான். வாடகை வேண்டாம் என்று முதலிலேயே சொல்லியிருந்தான். என்ன என்று கேட்டேன்.

"கேக்கக்கூடாத நேரந்தான் அண்ணாச்சி. வண்டியக் குடுத்துரலாம்னு இருக்கேன். நாளைக்கு ஒரு பார்ட்டி பாக்க வாராவ. நீங்க ஒரு வார்த்த சொன்னா நம்புவாவ."

நிலைப்படியில் உட்கார்ந்திருந்த பால்ராஜ் தலையைத் தூக்கினான்.

"சொல்லேன் சகாயம். நேத்து நம்மளக் கொண்டுபோய்ச் சேத்துச்சுல்லா. நல்ல வண்டின்னு சொல்லு."

கேலியாகச் சொன்னானா, நிஜமாகவே சொன்னானா என்று அவன் முகத்தைப் பார்த்தேன். இரண்டும் இல்லை. இசக்கியிடம், நான் வரவில்லை, என்னைக் கேட்காதே என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த நாள் மழை விட்டிருந்தது. கிருபையின் பெட்டியைத் தோளில் வைத்துக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போது பஸ் ஸ்டாண்டு வழியாகத்தான் போகவேண்டும். பால்ராஜ் தடியை ஊன்றிக்கொண்டு முன்னால் நடந்தான். சிவப்பு ஜீப் ஓரமாக நின்றது. பானெட் திறந்திருந்தது. வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் குனிந்து எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி, இடுப்பில் குழந்தை. குழந்தை சிவப்புப் பெயிண்டைத் தொட்டுத் தொட்டுச் சிரித்தது. பெட்டியைப் பார்த்ததும் அவர் மரியாதையாக ஒதுங்கி நின்று துண்டைத் தோளிலிருந்து எடுத்தார்.

நான் நிற்கவில்லை.